சிவப்புக் குழாய்

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த நாள் முதல், நளினி வீட்டு வாசற்கதவு பகலில் மூடியதே இல்லை. ரகுநாதனின் பழைய ரப்பர் செருப்பு ஒன்றைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே செருகி வைத்திருப்பாள். ஏ.சி. குளிரெல்லாம் நடைக்கு ஓடிப்போகிறது என்று அவர் கத்துவார். அவர் டூட்டிக்குக் கிளம்பியதும் செருப்பு மறுபடி அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"எதுக்குடி இது? பூனை நுழைஞ்சிரும்" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் உள்ள செத்துக் கிடந்தா நீங்க கதவ உடைக்க வேண்டாம்லக்கா" என்றாள். கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே, உப்பு இருக்கிறதா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். "செத்துக் கிடக்கிறவளுக்குக் கொத்தமல்லி எதுக்கு, இங்க குடு" என்று கட்டைப் பிடுங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் கொத்தமல்லித் துவையல்.

நளினி திருச்சிக்காரி, விலங்கியல் படித்தவள். கணவர் ரகுநாதன் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சர்வேயர். ஜெபல் அலியில் துறைமுகம் தோண்டிக்கொண்டிருந்த காலம் அது. இருட்டோடு வண்டியேறிப் போனால் இருட்டித்தான் வருவார். மகள் தாமரைக்கு நான்கு வயது. என் பெயர் சுந்தராம்பாள், மதுரை. என் வீட்டுக்காரர் அழகுமலைக்கு மீனா பஜாரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. பர் துபாயில் கோயிலுக்குப் பின்சந்தில் அந்தக் கட்டடம் புதிதாக எழும்பியபோது, எழுபத்தேழு ஏப்ரலில், எல்லாக் குடும்பமும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் குடிவந்தோம். மூன்றாவது மாடியில் எதிரும் புதிருமாக எங்கள் இரண்டு வீடுகள்.

ஜூன் மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வெயில் சூடு என்று நினைத்து அவள் கஷாயம் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். அது டைபாய்டு. குடலில் ஓட்டை விழுந்த பிறகுதான் தெரிந்தது. வயிற்றைக் கிழித்துத் தைத்தார்கள், சீழ் பிடித்ததும் மறுபடி திறந்தார்கள். இருப்பாளா மாட்டாளா என்று கேட்டால் டாக்டர்கள் தரையைப் பார்த்தார்கள். தாமரை என் வீட்டில் தூங்கினாள். ரகுநாதன் ஆஸ்பத்திரி நடையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தே கிடந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, நான் கொண்டுபோன சோற்றில் ஒரு வாய் சாப்பிடவும் இல்லை.

பிழைத்துவிட்டாள். தையல் ஆறியது, முகத்தில் சதை வைத்தது, எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விட்டோம். அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. சாகக் கிடந்தபோது கம்மென்று கிடந்தவள், பிழைத்து வந்து பயப்பட்டாள். நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடித்தால் வெடித்துவிடும் என்பாள். மெதுவாக அடித்தால் நிற்கப் போகிறது என்பாள். சாப்பிட்டால் வயிறு வலிக்கும் என்று பயம், சாப்பிடாவிட்டால் மயக்கம் வரும் என்று பயம். குழந்தையைக் குளிப்பாட்டும்போது கை தன் மணிக்கட்டையே பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருக்கும். தாமரை சோப்பு நுரையோடு நின்று வேடிக்கை பார்ப்பாள்.

கழிமுகத்துக்கு அக்கரையில், தேராவில், டாக்டர் செய்கு அலாவுதீன் இருந்தார். நாகூர்ப் பக்கத்து மனிதர், தமிழில் பேசலாம். செப்டம்பரில் அவர் இரவுக்கு ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார். பெயர் நீளமாக இருக்கும், என் வாயில் நுழையாது. தூக்கம் கொஞ்சம் வந்தது, பயம் அசையவில்லை. அக்டோபர் கடைசியில் மறுபடி போனோம், அவளும் ரகுநாதனும் நானும். ஓடத்தில் கழிமுகத்தைக் கடக்கும்போது என் முழங்கையை அவள் பிடித்த பிடியில் இரண்டு கண்ணாடி வளையல் உடைந்தது.

"ஒண்ண மூணாக்கணும்மா" என்றார் டாக்டர். "ஒரேயடியா வேணாம், படிப்படியா. ஒரு விஷயம் முன்னாலேயே சொல்லிர்றேன். இந்த மருந்து தொந்தரவ மொதல்ல குடுக்கும், நல்லத பின்னாலதான் குடுக்கும். வாய் காயும், கண்ணு மங்கும், கை லேசா நடுங்கும், கனவு கன்னாபின்னான்னு வரும். நல்லது வர ரெண்டு மூணு வாரம் ஆவும். அதுவரைக்கும் பொறுத்துக்கணும். நீங்களா நிறுத்திறக் கூடாது."

"வயித்து வியாதிக்கு மனசு மாத்திரை எதுக்கு டாக்டர்?" என்று ரகுநாதன் கேட்டார்.

"வயித்து வியாதி போயிருச்சுல்ல தம்பி. அது விட்டுட்டுப் போன பயம் இன்னும் போவல. அதுக்குத்தான்."

திரும்பும் வழியில் ரகுநாதன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இந்த மாசம் பாப்போம் நளினி. சரியாகலேன்னா நீயும் பாப்பாவும் ஊருக்குப் போயிடுங்க. அண்ணன் வீட்ல நாலு பேரு இருப்பாங்க. இங்க உன்னத் தனியா விட்டுட்டு நான் சைட்ல எப்படி வேலை பாக்கறது?"

மறுநாள் என்னிடம்தான் சொன்னாள் நளினி. அந்தக் காலத்தில் குடும்ப விசா லேசில் கிடைக்காது. ஒருதரம் ரத்து செய்துவிட்டுப் போனால் கம்பெனி மறுபடி எப்போது மனது வைக்குமோ, வருஷக்கணக்கில் ஆகலாம். அவர் இங்கே, அவள் அங்கே மைத்துனர் வீட்டில், பைத்தியத்துக்கு மாத்திரை தின்கிறவள் என்ற பட்டத்தோடு. "எனக்குப் போக வேண்டாங்க்கா" என்றாள். "நான் இங்கேயே நல்லாகணும்." அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் நடுங்கவில்லை.

மாத்திரை இரண்டானது, பிறகு மூன்றானது. அந்த நவம்பரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பனிமூட்டம்தான் ஞாபகம் வரும். விடிந்தால் ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடம் இருக்காது. கழிமுகத்தில் ஓடங்களின் மோட்டார் சத்தம் மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து கேட்கும். அந்த வெள்ளை அப்படியே ஜன்னல் வழியாக வந்து நளினியின் வீட்டுக்குள் தங்கிவிட்டது என்று தோன்றும். திரையை இழுத்துவிட்டு, சோபாவில் பாதி தூக்கமும் பாதி விழிப்புமாகச் சாய்ந்திருப்பாள். டீ போடப் போவாள், அடுப்பின் முன்னால் நின்று நீல நெருப்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். பால் பொங்கி அணைத்த பிறகுதான் ஓகோ என்பாள். வாய் உலர்ந்து நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று கன்னத்தில் எப்போதும் ஒரு புளிப்பு மிட்டாய் அடக்கி வைத்திருப்பாள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, பத்திரிகை எழுத்து எறும்பு மாதிரி ஊர்கிறது என்றாள். கப்பலில் ஒரு மாதம் பிந்தி வரும் வார இதழ்களை நான்தான் வாசித்துக் காட்டுவேன். தொடர்கதையில் நடுவே இரண்டு வாரம் வராமல் போயிருக்கும். விட்டுப்போன இடத்தை நாங்களே கட்டிக்கொள்வோம்.

தாமரை வாசலிலேயே விரலை உதட்டில் வைத்து, "ஆன்ட்டி, மம்மி ஸ்லீப்பிங்" என்பாள். உள்ளே இருந்து, "தூங்கலக்கா, வாங்க" என்று தொலைவிலிருந்து பேசுவது மாதிரி குரல் வரும்.

கனவுகளை எனக்குச் சொல்லுவாள். அவள் சொல்லச் சொல்ல எனக்கே கண் சொருகும். ஒன்றில், கழிமுகத்துத் தண்ணீர் சத்தமில்லாமல் எங்கள் மாடிப்படியில் ஏறி வருகிறது. முதல் மாடி சிந்திக்காரர் வீட்டைத் தாண்டி, இரண்டாவது மாடியைத் தாண்டி, எங்கள் நடைக்கு வந்து நிற்கிறது. அதில் ஓடம் ஒன்று வந்து, செருப்பு வைத்த கதவை மெல்ல இடிக்கிறது. ஓட்டுகிறவர் டாக்டர் அலாவுதீன். உள்ளே அவளுடைய ஆஸ்பத்திரிக் கட்டில், விரித்த வெள்ளைத் துணியோடு. அவள் ஏறி உட்காருகிறாள், தாமரை துடுப்புப் போடுகிறாள். கோயில் மணிச் சத்தம், தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்கிறது. இன்னொரு கனவில் அவள் வயிற்றுத் தழும்பு ஒரு ஜிப்பாக இருக்கிறது. திறந்து பார்த்தால் உள்ளே காலேஜ் காலத்துத் தாவணி, மடிப்புக் கலையாமல்.

"பயமாயில்லையாடி?" என்றேன்.

"கனவுல பயமே இல்லக்கா. முழிச்சாத்தான் பயமாருக்கு."

அவள் பார்க்காதபடி திரும்பி, திரையைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சின்ன வயசு. முப்பதுகூட ஆகவில்லை.

இனி எங்கள் குழாய்க் கதையைச் சொல்ல வேண்டும். கல்ஃபில் கோடைக்குத் தண்ணீர் தலைகீழ். தொட்டி மொட்டைமாடியில் வெந்துகொண்டிருக்கும், நீலக் குழாயைத் திறந்தால் கொதிநீர் கொட்டும். அதனால் கீசரின் ஸ்விட்சை அணைத்துவிட வேண்டும். அணைந்த கீசருக்குள் நிற்கும் தண்ணீர் வீட்டுக்குள் இருந்து இருந்து சூடு தணிந்துவிடும். ஆகவே குளிர்ந்த தண்ணீர் வேண்டுமென்றால் சிவப்புக் குழாய். பழைய வீடுகளில் ட்ரம்மில் தண்ணீர் பிடித்துக் குளித்தவர்கள் நாங்கள், எங்களுக்கு இது தெரியாது. முதல் மாடி சிந்திக்காரர் வீட்டம்மா சொல்லிக்கொடுத்து, மே மாதம் தொட்டு கட்டடமே சிவப்புக் குழாயில்தான் குளித்தது. புத்தியைக் கேட்காமல் கை தானாகச் சிவப்புக்குப் போகும் அளவுக்குப் பழகிவிட்டது.

நவம்பர் நடுவில் ஒரு புதன்கிழமை சாயங்காலம் காற்று திரும்பியது. கடலிலிருந்து சில்லென்று ஒரு வாடை. கட்டடம் முழுக்கப் போர்வை தேடினார்கள், மறுநாள் சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டிலும் கீசரும் போட்டாயிற்று. அந்தக் கட்டடத்தில் எங்கள் எல்லோருக்கும் அதுதான் முதல் குளிர். ரகுநாதன் புதன்கிழமையே சைட்டிலிருந்து வந்ததும் ஸ்விட்சைத் தட்டிவிட்டு, "கீசர் போட்டிருக்கேன், பாத்து" என்று சொன்னார். நளினியும் சரி என்றாளாம்.

வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். எதிர் வீட்டிலிருந்து ஒரு அலறல். கையில் இருந்த கரண்டியோடு ஓடினேன். செருப்பு வைத்த கதவு, தள்ளியதும் திறந்துகொண்டது. அது ஒன்றுதான் நல்லதாகப் போயிற்று. குளியலறையில் ஆவி மண்டியிருந்தது. நளினி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இடது தோளிலிருந்து முழங்கை வரை சிவந்து கன்றியிருந்தது. வாளியில் சிவப்புக் குழாய் திறந்தபடி கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொம்பு எடுத்து ஊற்றியிருக்கிறாள்.

நீலக் குழாயைத் திறந்து தண்ணீர் விட்டு விட்டு, பிறகு பர்னால் தடவினேன். கொப்புளம் பெரிதாக இல்லை. ஆனால் அவள் பார்வை தோளில் இல்லை. ஜட்டியோடு துண்டைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்ற தாமரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த சொம்பு அவளுக்குக்கா" என்றாள். "அவளத்தான் குளிப்பாட்டக் கூப்பிட்டேன். அவரு சொன்னாரு, கீசர் போட்டிருக்குன்னு. நான் சரின்னு வேற சொன்னேன். ஆவி வர்றதுகூடக் கண்ணுல படல. என் மூளை போயிருச்சுக்கா. இந்த மாத்திரை என் மூளையத் தின்னுருச்சு."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். ஆனால் எனக்குள்ளும் அப்படித்தான் இருக்குமோ என்று ஓடியது. பாலைப் பொங்கவிடுகிறவள், நெருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவள்.

சாயங்காலம் ரகுநாதன் வந்து தோளைப் பார்த்தார். அவர் முகம் ஆஸ்பத்திரி நடையில் இருந்த மாதிரி ஆகிவிட்டது. "போதும்" என்றார். "இனி பொறுக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. குழந்தை மேல ஊத்தியிருந்தா? சனிக்கிழமை ஆபீஸ்ல சொல்லி டிக்கெட் போடறேன். மாத்திரையையும் நிறுத்திடு."

"தம்பி, டாக்டர் நிறுத்தக் கூடாதுன்னாரே" என்றேன்.

"டாக்டர் வீட்லயா கொதிதண்ணி கொட்டுச்சு?" என்று சீறினார். எனக்கும் சுருக்கென்றது, சூடாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. மாத்திரை சாப்பிடாத கை. வாயை மூடிக்கொண்டேன்.

போக வேண்டாம் என்று சொன்ன நளினி, சரி என்று தலையை ஆட்டினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு மாத்திரையை அவள் தொடவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஊருக்கெல்லாம் விடுமுறை. நம் ஊரில் ஆண்களுக்கு எண்ணெய்க் குளியல் புதனும் சனியும், பெண்களுக்குத்தான் வெள்ளி. துபாய்க்கு வந்த ஆண்பிள்ளைகளுக்கு அந்த வீறாப்பெல்லாம் போய், லீவு கிடைக்கிற வெள்ளிக்கிழமையில் பெண்களோடு பெண்களாக எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் காலையிலேயே தலை சொட்டச் சொட்ட நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு வீட்டில் கோமணத்தோடு உலாத்திக்கொண்டிருந்தார். அந்தக் காட்சிக்குத் தப்பி, இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்கு வந்தேன்.

ரகுநாதனும் எண்ணெயும் சீயக்காயுமாகக் குளியலறைக்குள் போயிருந்தார். நளினி சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். திறந்த பெட்டி ஒன்று கூடத்தில் கிடந்தது. தாமரையின் கவுன்களை மடித்து வைக்கத் தொடங்கியிருந்தாள். வெளியே பனி இன்னும் கலையவில்லை. சமையலறை ஜன்னல், கட்டடத்தின் நடுவே காற்றுக்கு விட்டிருந்த கூண்டுக்குள் திறக்கும். எல்லா வீட்டுக் குளியலறை ஜன்னலும் அதற்குள்தான் திறக்கும், யார் வீட்டில் யார் தும்மினாலும் கேட்கும்.

"என்டம்மே!" என்று மேலே இருந்து ஒரு கூப்பாடு. நான்காவது மாடி மலையாளி.

நளினி நிமிர்ந்து பார்த்தாள். சொம்பு உருளுகிற சத்தம் கேட்டது. பிறகு கீழேயிருந்து, சிந்திக்காரர், பெரிய மனுஷர், "ஹே பகவான்!" என்று கத்தினார். அவர் வீட்டம்மாதான் எங்களுக்குக் குழாய்ப் பாடம் நடத்தியவள். அதே மூச்சில் எங்கள் வீட்டுப் பக்கமிருந்து, "அடியே சுந்தரம், வெந்தேண்டி!" என்று அழகுமலையின் குரல். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

நளினியின் முகத்தில் ஏதோ நகர்ந்தது. தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவள் மாதிரி என்னைப் பார்த்தாள். "அக்கா," என்றாள் மெதுவாக, "இவங்க எல்லாருமா..."

அவள் முடிக்கவில்லை. பத்தடி தூரத்தில், இந்தச் சமையலறைச் சுவருக்கு அப்பால், "ஐயோ அம்மா!" என்று கட்டடமே அதிரும்படி ஓர் அலறல். சீயக்காய்க்கு இறுக மூடிய கண்ணோடு, பழகிய கை தானாகப் போய்ச் சிவப்புக் குழாயைத் திறந்துவிட்டது. கீசர் போட்டவரே அவர்தான். பாத்து என்று சொன்னவரும் அவர்தான். தோள் வெந்ததைத் தன் கண்ணால் பார்த்தவர்.

கதவு திறந்தது. இடுப்பில் துண்டு, தலையில் சீயக்காய், நண்டு மாதிரிச் சிவந்த மார்பு. நளினி முக்காலியிலிருந்து எழுந்தாள். அலமாரியில் இருந்த பர்னாலை எடுத்தாள். அவர் முன்னால் போய் நின்றாள்.

"நீங்க எந்த மாத்திரை போட்டீங்க?" என்று கேட்டாள்.

கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். உலர்ந்த வாய், சிரிப்பு முதலில் சத்தமாக வரவில்லை, காற்றாகத்தான் வந்தது. பிறகு சத்தம் வந்தது. ஜூனுக்குப் பிறகு நான் கேட்காத சத்தம். தையல் விட்டுவிடப் போகிறதோ என்று கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பயத்தையும் மீறிச் சிரித்தாள். ரகுநாதன் அவளைப் பார்த்தபடியே நின்றார். சீயக்காய் கண்ணில் வழிந்தது. துடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் வராத அழுகை அத்தனையும் அப்போது வந்தது அவருக்கு. நல்லவேளை, சீயக்காய் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் இட்லியை மேடையில் வைத்துவிட்டு என் வீட்டுக்கு, வெந்த புருஷனைப் பார்க்க, கிளம்பிவிட்டேன்.

அன்று ராத்திரி அவள் மூன்று மாத்திரையும் போட்டுக்கொண்டாள். சனிக்கிழமை டிக்கெட் போடவில்லை. அந்தப் பெட்டி கொஞ்ச நாள் கூடத்தில் கிடந்தது, தாமரை அதில் பொம்மைகளைத் தூங்கவைத்தாள். சிவப்புக் குழாயின் கழுத்தில் ரகுநாதன், சைட்டில் குச்சிக்குக் கட்டும் ஆரஞ்சு நாடாவைக் கட்டிவிட்டார். அதைக் கேட்டு வாங்கி நாங்களும் கட்டினோம், மலையாளியும் கட்டினார்.

வாய் உலர்வது போகவில்லை. கனவுகளும் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் ஏதோ தப்பு நடந்தால், "இது மாத்திரையாக்கா, இல்ல நானா?" என்று கேட்பாள். "இது சும்மா மறதிடி" என்று நான் சொன்னால் நம்பத் தொடங்கினாள். மணிக்கட்டைப் பிடிக்கும் கை எப்போது விட்டது என்று எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஒருநாள் பார்த்தால் அந்தக் கையில் தாமரையின் சீப்பு இருந்தது.

டிசம்பரில் ஒரு மத்தியானம், பஜாரிலிருந்து வந்து படியேறினேன். நளினி வீட்டுக் கதவு மூடியிருந்தது. செருப்பைக் காணோம்.

கையில் இருந்த பையை அப்படியே போட்டேன், தக்காளி படியில் உருண்டு ஓடியது. "நளினி! நளினீ!" என்று இரண்டு கையாலும் கதவை அறைந்தேன். பதில் இல்லை. தோளைக் கொடுத்து இடித்தேன். இத்தனை நாள் அவள் எனக்காகத் திறந்து வைத்திருந்த கதவு அது.

உள்ளே தாழ்ப்பாள் சத்தம். கதவு திறந்தது. கலைந்த தலை, கன்னத்தில் தலையணைத் துணியின் கோடு, இடுப்பில் தொற்றிக்கொண்டு தாமரை.

"என்னக்கா?" என்றாள் கொட்டாவியோடு. "கதவச் சாத்திட்டுக் கொஞ்சம் தூங்கினேன்."